அம்மாச்சி வீட்டுச் சொந்தங்களிடம் என் மரபணு ரிப்போர்ட்டைச் சொல்லப் போனது

2022 பிப்ரவரியில், மார்புப் புற்றுநோய்க்கு மூன்றாவது கீமோ முடிந்த நான்காம் நாள் ராத்திரி, தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து ஒரு காரியம் செய்தேன். அம்மாச்சி வீட்டுச் சொந்தங்கள் 34 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் என்னுடைய மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் போட்டேன். 11 பக்கம், முழுக்க ஆங்கிலம். கீழே, "இது நம்ம குடும்பத்துல ஓடுற வியாதி, எல்லோரும் டெஸ்ட் எடுத்துக்கோங்க" என்று எழுதினேன். யார் யார் பார்த்தார்கள் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடிவதற்குள் 19 பேர் பார்த்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. காலை ஆறு மணிக்குச் சின்ன மாமா வழக்கம்போல ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் போட்டார், அதற்கு எட்டுப் பேர் பதில் வணக்கம் போட்டார்கள். என் ரிப்போர்ட் மேலே போய் மறைந்துவிட்டது. அன்றைக்கு நான் அழுத மாதிரி நோய் வந்தது தெரிந்த அன்றுகூட அழவில்லை. ஆனால் அந்த ராத்திரி நான் செய்தது தவறு என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. அதற்குள் பணமும் போனது, அதைவிட முக்கியமாக நாளும் போனது. எனக்கு ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர்கள் "உங்க ரத்த சொந்தங்களுக்குச் சொல்லிடுங்க" என்று மட்டும்தான் சொன்னார்கள். எப்படிச் சொல்வது என்று யாரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்சம் முன்னாடியிருந்து சொல்கிறேன். எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். நான் பள்ளியில் தமிழ் ஆசிரியை, என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். என் அம்மா 2008-ல் 51 வயதில் இறந்துபோனார். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு, சாப்பாடு இறங்காமல், ஏழு மாதம் கஷ்டப்பட்டார். "கர்ப்பப்பையில கட்டி" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அதற்கு முன்னால், 1996-ல், பெரியம்மா 43 வயதில் போனார். அது "மார்புல புண்ணு". புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல ஒரு பயம். அம்மாவுக்கு வந்தது சினைப்பைப் புற்றுநோய் என்பது எனக்கே 2021-ல்தான் தெரியும். பரண்மேல் இருந்த மஞ்சள் பையில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துப் பார்த்தபோது! அக்கா மார்பிலும் தங்கை சினைப்பையிலும் புற்றுநோயில் இறந்திருக்கிறார்கள், இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும் என்று அந்தப் பையைத் திறந்திருந்தால் பத்து வருடம் முன்பே ஒரு டாக்டர் சொல்லியிருப்பார். அதனால் முதல் வேலையாக உங்கள் வீட்டுப் பரணைத் தேடுங்கள். யார், எந்த வயதில், எந்த உறுப்பில், எந்த மருத்துவமனை என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் எழுதுங்கள். மார்புப் புற்றுநோய் என்றால் அம்மா வழிதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்பா வழியாகவும் அதே அளவு வரும்.

எனக்கு 2021 நவம்பரில் வலது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. அப்போது எனக்கு 41 வயது. பயாப்சியில் "ட்ரிபிள் நெகட்டிவ்" என்று வந்தது. ஹார்மோன் மாத்திரைக்கும் ஹெர்2 ஊசிக்கும் கட்டுப்படாத வகை, கீமோவைத்தான் பெரிதும் நம்ப வேண்டும். இந்த வகை இவ்வளவு சின்ன வயதில் வந்தாலே மரபணுவைப் பார்க்க வேண்டும், அதோடு அம்மா, பெரியம்மா கதையும் இருக்கிறது என்று டாக்டர் உடனே எழுதிக் கொடுத்தார். 24,000 ரூபாய். கீமோ, ஸ்கேன், மருந்து ஏற்ற நெஞ்சில் பதிக்கும் போர்ட் என்று பணம் தண்ணீராய்ப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. வந்த பிறகு இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று பத்து நாள் தள்ளிப்போட்டேன். ஆனால் அது என் சிகிச்சையையே மாற்றியது. எந்த அறுவை சிகிச்சை, இன்னொரு மார்பை என்ன செய்வது, சினைப்பையை எப்போது எடுப்பது என்று எல்லா முடிவும் அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் எடுத்தோம். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள், அவ்வளவுதான். 26 நாளில் ரிப்போர்ட் வந்தது.

பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் 185டெல்ஏஜி என்றொரு மாற்றம். இந்த மரபணு எல்லோருக்கும் இருக்கிறது, செல்லுக்குள் டிஎன்ஏ உடைந்தால் அதைச் சரிபார்த்து ஒட்டுவது இதன் வேலை. இது 17-வது குரோமோசோமில் இருப்பதை மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990-ல் காட்டினார். என் மரபணுவில் இரண்டே இரண்டு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. 'ஏ' ஒன்று, 'ஜி' ஒன்று. மூன்று மூன்று எழுத்தாக வாசிக்க வேண்டியதில் இரண்டு விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லாம் பிசகிப்போகும், கொஞ்ச தூரத்திலேயே வாசிப்பு நின்றுவிடும். சந்திப்பிழைக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும் எனக்கு இது உடனே புரிந்தது, அதனாலேயே அதிகமாக வலித்தது. இந்த மாற்றம் அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுவது, தென்னிந்தியக் குடும்பங்களிலும் பலமுறை பார்த்திருக்கிறார்கள் என்று சென்னையிலிருந்து வீடியோவில் பேசிய மரபணு ஆலோசகர் சொன்னார். 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் கணக்குப்படி, பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் 100-க்கு 72 பேருக்கு மார்பிலும் 44 பேருக்குச் சினைப்பையிலும் புற்றுநோய் வரக்கூடும். சினைப்பைப் புற்றுநோய் பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்கு வருவதே அபூர்வம் என்பதை வைத்து இதைப் பாருங்கள். மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணா பெண்ணா என்ற வித்தியாசம் கிடையாது. உடன்பிறந்தவர்களுக்கும் அதே பாதிக்குப் பாதி.

இதையெல்லாம் மண்டையில் ஏற்றிக்கொண்டுதான் அந்த ராத்திரி குழுவில் போட்டேன். மறுநாள் மத்தியானம் பெரிய மாமா வீட்டு அத்தை கூப்பிட்டார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "என் பொண்ணு ஜாதகம் நாலு இடத்துக்குப் போயிருக்கு. அந்தக் குழுவுல சம்பந்தி வீட்டு ஆளுகளும் இருக்காக. உனக்கு வந்தது உன்னோட. எங்க வீட்டுல அந்த மாதிரி ஒண்ணும் இல்ல. எடுத்துரு அதை" என்றார். நான் அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. தலையில் முடி இல்லாமல், வாயெல்லாம் புண்ணாகி, கணவர் ஊரில் இல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இருந்தவளை ஒரு தட்டு இட்லியோடு வந்து பார்க்கக்கூட மனம் வரவில்லை அவர்களுக்கு. அந்தக் கோபம் இப்போதும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் அத்தை சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அது என் ரத்தம் பற்றிய தாள் மட்டும் இல்லை, அவர்கள் பிள்ளைகளைப் பற்றியும் பேசுகிற தாள். அதைச் சபையில் விரித்துப் போட எனக்கு உரிமை இல்லை. இந்தச் செய்தியைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். குழுவில் வேண்டாம், கல்யாண வீட்டில் வேண்டாம், கருமாதி வீட்டிலும் வேண்டாம். ஒவ்வொருவராக, நேரில், அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லுங்கள். உடம்பு முடியாத நேரத்தில் நீங்களே போகவும் வேண்டாம். நம்பிக்கையான ஒருவரை அனுப்பலாம், இல்லை ஆலோசகரிடம் சொந்தங்களுக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கலாம். அப்படி ஒரு கடிதம் கொடுப்பார்கள் என்றே எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த இழப்பு என் தம்பி விஷயத்தில். என் ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் உடன்பிறந்தவர், பெற்றோர், பிள்ளைகள் பரிசோதனை செய்துகொண்டால் காசு வேண்டாம் என்று அந்த லேப் ஒரு சலுகை வைத்திருந்தது. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. தம்பி திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கிறான். "ஆம்பளைக்கு எதுக்குக்கா இது, எனக்கு என்ன சினைப்பையா இருக்கு?" என்றான். ஆண்களுக்கும் மார்புப் புற்றுநோய் வரும், குறைவு என்றாலும் வரும். பிஆர்சிஏ2 என்ற இன்னொரு மரபணுவில் மாற்றம் என்றால் புராஸ்டேட்டிலும் ஆபத்து அதிகம். ஆனால் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இது எதுவும் இல்லை. அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். "உன் பிள்ளைகளுக்காகப் பார்" என்ற ஒரே வாக்கியம் போதும். அதைச் சொல்ல எனக்கு அஞ்சு மாதம் ஆனது. சொன்ன வாரமே போய்விட்டான். ஆனால் தனியாக, என் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளாமல், பக்கத்தில் இருந்த ரத்தம் எடுக்கும் இடத்துக்குப் போய் 23,500 ரூபாய் கட்டி, பல மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் முழு பேனலுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டான்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு என்ன மாற்றம் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்கள் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். பின்னால் எங்கள் சித்திக்கு அது 4,500 ரூபாய்தான் ஆனது. தம்பி கொடுத்ததில் கிட்டத்தட்ட 19,000 வீண். பணம் போனது மட்டும் இல்லை. முழு பேனல் பார்த்ததால் அவனுக்கு என் மாற்றத்தோடு வேறொரு மரபணுவில் "பொருள் இன்னும் தெளிவில்லாத மாற்றம்" என்று ஒரு வரி வந்துவிட்டது. அந்த வரியைக் கூகுளில் தேடித் தேடி மூன்று மாதம் அவன் தூங்கவில்லை. அது நோய் என்று அர்த்தம் இல்லை, இன்னும் தீர்ப்பு எழுதப்படாத மாற்றம், அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது, பிள்ளைகளுக்கு அதைத் தேடவும் வேண்டாம் என்று ஆலோசகர் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். அந்தப் பத்து நிமிடம் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். ஆகவே யார் பரிசோதனைக்குப் போனாலும் ஏற்கெனவே வந்த ரிப்போர்ட்டின் நகல் கையில் இருக்கட்டும். ஒன்று கவனம். பழைய முறையில் 185டெல்ஏஜி என்று எழுதும் அதே மாற்றத்தைப் புதிய ரிப்போர்ட்டுகளில் சி.68_69டெல்ஏஜி என்று எழுதுகிறார்கள். இரண்டு எண்ணும் வேறு வேறாக இருக்கிறதே என்று ஒரு லேப் ஊழியரே குழம்பி எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டும் ஒன்றுதான்.

தம்பி விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. அவனுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. ரிப்போர்ட் வந்த பிறகு எடுக்கப் போனபோது ஏஜெண்ட் தயங்கினார். 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம், மரபணுவைக் காரணம் காட்டிக் காப்பீட்டில் பாகுபாடு செய்வது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 2008-ல் கொண்டுவந்தது போல இதற்கென்று தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. பரிசோதனைக்கு முன்பே காப்பீடு எடுத்துவிடுவது நல்லது. அதற்காக விண்ணப்பத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். பின்னால் பணம் கேட்கும்போது அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

அப்புறம்தான் சித்தியிடம் போனேன். அதற்குள் 2022 டிசம்பர் ஆகிவிட்டது. எனக்கு அறுவை சிகிச்சை, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, தலையில் அரை அங்குலம் முடி வந்திருந்தது. இந்த முறை 11 பக்க ரிப்போர்ட்டைக் காட்டவில்லை. ஒரு பக்கம், தமிழில், என் கையெழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். மேலே அம்மாச்சி, கீழே பெரியம்மா, பெரிய மாமா, அம்மா, சின்ன மாமா, சித்தி என்று ஒரு மரம் வரைந்து, நோய் வந்தவர்கள் பெயருக்கு மட்டும் அடிக்கோடு. அதன் கீழே மூன்று விஷயம். மாற்றம் இல்லையென்றால் உங்கள் பிள்ளைகள் யாருக்கும் இந்தப் பரிசோதனை தேவையே இல்லை, இந்தக் கவலை உங்களோடு முடிந்தது. இருந்தால், நோய் வருவதற்கு முன்பே செய்ய வேலை இருக்கிறது. செலவு 4,500, அதை நான் தருகிறேன். நத்தத்தில் சித்தி வீட்டு அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டார். ஒரு கேள்விகூடக் கேட்காமல், "என்னைக்குப் போகணும்?" என்றார். என் அம்மாவின் கடைசி ஏழு மாதமும் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். நீர் எடுக்கும்போதெல்லாம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர். அந்த நோயைக் கண்ணால் பார்த்தவரிடம் முதலில் போயிருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. குழுவில் 34 பேரைத் தேடியதற்குப் பதிலாக இந்த ஒருவரைத் தேடியிருந்தால், மற்ற வீட்டுக் கதவுகளை அவரே தட்டியிருப்பார்.

சித்திக்கு மாற்றம் இல்லை என்று வந்தது. நான் சந்தோஷத்தில் துள்ளினேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "ரெண்டு அக்காவையும் கொண்டுபோன சாமி என்னை மட்டும் எதுக்கு விட்டுச்சு" என்று கேட்டார். நல்ல செய்தி வந்தவர்களும் இப்படி உடைவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ரிப்போர்ட் வாங்கப் போகும்போது எந்தப் பதில் வந்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

நான் நினைத்தபடியே சித்திதான் பழனிக்கு வந்து பெரியம்மா பிள்ளைகளிடம் பேசினார். அக்காவுக்கு அப்போது 46. மாற்றம் இருந்தது. அண்ணனுக்கு இல்லை. அண்ணன் ரிப்போர்ட்டுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். அவர் கட்டியிருப்பது பெரிய மாமாவின் மூத்த மகளை. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் நம் வழக்கத்தில் ஒரே மாற்றம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரிடமும் இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு பக்கமிருந்தும் குழந்தைக்குப் போனால் பல நேரம் கருவே நிற்காது, அபூர்வமாகப் பிறந்தால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரலாம். முறைப்பெண், முறைமாப்பிள்ளை பார்க்கும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கல்யாணத்துக்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

அக்காவை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பெஞ்சில் காத்திருந்த நேரத்தில், இந்த மருத்துவமனை 1954-ல் வந்ததற்குப் பின்னால் தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் துக்கம் இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். அவர் பேசவில்லை. சினைப்பைக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று வருடாவருடம் பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா என்று டாக்டரிடம் கேட்டார். போதாது, சினைப்பைப் புற்றுநோயைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்க நம்பகமான பரிசோதனை இன்னும் இல்லை, பிஆர்சிஏ1 என்றால் 35-லிருந்து 40 வயதுக்குள், பிள்ளைப்பேறு முடிந்ததும் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடுவதுதான் வழி என்றார் டாக்டர். மார்புக்கு நிலைமை வேறு, அதைக் கண்காணிக்கலாம். 25 வயதிலிருந்து வருடம் ஒரு எம்ஆர்ஐ, 30-லிருந்து மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயும் சேர்த்து. 2023 ஜூனில் அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. எடுத்ததில் நோய் எதுவும் இல்லை. ஆனால் மாதவிடாய் ஒரே நாளில் நின்றதில் உடம்பெல்லாம் எரிச்சல், ராத்திரி வேர்வை, முட்டி வலி, எதற்கெடுத்தாலும் கோபம். "தெரியாம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்" என்று என் முகத்துக்கு நேரே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு நன்றி கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அறுவைக்குப் பிறகு வரும் தொந்தரவுகளையும் முன்கூட்டியே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் அதைக் குறைத்துச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் செய்தது. செய்திருக்கக் கூடாது.

பெரிய மாமா வீட்டுக்கு வருகிறேன். அந்தக் கல்யாணப் பேச்சு நடக்கும்போது நான் "பொண்ணுக்கு டெஸ்ட் எடுங்க" என்று சொன்னதாகத்தான் அத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் பெண்ணைத் தொடவே வேண்டியதில்லை. மாமாதான் என் அம்மாவோடு பிறந்தவர். மாமாவுக்கு மாற்றம் இல்லையென்றால் அவர் வழியாகப் பிள்ளைகளுக்கு வர வழியே கிடையாது, மூத்தவள், இளையவள், பேரப்பிள்ளைகள் எல்லோர் கதையும் அந்த ஒரு குழாய் ரத்தத்தோடு முடிந்துவிடும். 64 வயது ஆணின் ரத்தத்தைப் பார்த்து யாரும் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. இந்தச் சின்ன விஷயம் எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் அத்தையின் முதல் போனிலேயே சொல்லியிருப்பேன். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் பேசப் போகிறவர்கள் இதிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் மூத்த தலைமுறை, பிறகுதான் அடுத்தது. நான் சித்தி மூலமாகச் சொல்லி அனுப்பினேன். மாமா, "பார்க்கலாம்" என்றார். இளைய மகளுக்கு 2023 ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வந்தது, போனேன், பந்தியில் அத்தையே இலை போட்டார். டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

என் மகளுக்கு இப்போது 20. பதினெட்டுக்கு முன்னால் பிள்ளைகளுக்கு இதைப் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் அந்த வயதில் செய்ய ஒன்றும் இல்லை. அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். "இருபத்தஞ்சு ஆகட்டும்மா, எம்ஆர்ஐ ஆரம்பிக்கிற வயசுல பார்த்துக்கிறேன்" என்கிறாள். நெஞ்சில் நெருப்பு இருந்தாலும் சரி என்று விட்டுவிட்டேன். அவள் உடம்பு, அவள் நேரம்.

போன மாதம் ராத்திரி பத்தரை மணிக்கு ஓசூரிலிருந்து மாமாவின் இளைய மகள் கூப்பிட்டாள். "மதினி, அந்த டெஸ்டுக்குச் சாப்பிடாம போகணுமா?" என்று கேட்டாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு மாதம். சாப்பிட்டுவிட்டே போகலாம், ஆனால் நீ போக வேண்டாம், முதலில் உங்க அப்பா போகட்டும் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்கப் போன மாமாவை உட்கார வைத்து அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலையில் மாமா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வெள்ளைச் சட்டையோடு எனக்காக நின்றுகொண்டிருந்தார். என் ரிப்போர்ட் நகலையும் ஆலோசகர் கடிதத்தையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். ரத்தம் எடுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். படிவத்தில் ரிப்போர்ட் அனுப்ப எந்த நம்பர் போட வேண்டும் என்று அங்கிருந்த பெண் கேட்டாள். மாமா தன் போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, "இந்தா இவ நம்பரைப் போடும்மா, இவளுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியும்" என்றார். வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்தோம். இன்றோடு 19 நாள் ஆகிறது.